தலை கடைசியில் வர வேண்டும்

ஊரில் பாதிப் பேருடைய வாயில் வாத்தக்காவின் கைவேலை இருக்கிறது. பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஒற்றை ஜன்னல் வைத்த அறையில் அவள் பல்செட் செய்கிறாள். மேஜை முழுக்க வெள்ளைப் பொடி, மெழுகு உருக்கும் சின்ன விளக்கு, யாருடையது என்று சீட்டு ஒட்டிய தாடை அச்சுகள். எதிரே வருகிறவர் சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள்; மேல்வரிசை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அவள் செய்த பல் ஆடுகிறது என்று இதுவரை ஒருவரும் படியேறி வந்ததில்லை. அவ்வளவு நறுவிசு.

வாத்தக்கா என்பது அந்த அறை வைத்த பேரில்லை, ஆறு வைத்த பேர். மற்றவர்கள் கயாக் என்னும் ஒற்றையாள் படகை நேராக ஓட்டினால் இவள் பாதி நேரம் தலைகீழாக ஓட்டுவாள். இரை தேடி முங்குகிற வாத்துபோலத் தலை தண்ணீருக்குள், படகின் அடிப்பாகம் வானத்தைப் பார்த்து. கரையில் நின்று இதைப் பார்த்த வெல்டர்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டார். அவர்தான் அந்தக் கயாக் கிளப்புக்குத் தலைவர். வாரம் முழுக்க இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் ஒட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆற்றோடு ஒட்டிக்கொள்கிறவர்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், குனிந்து குனிந்து பல் செய்ததில் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நீச்சல் போங்கள் என்றார் டாக்டர். நீச்சல்குளத்துக்குப் போனால், ஆழமான பக்கத்தில் சில பேர் குட்டிப் படகில் உட்கார்ந்தபடியே கவிழ்ந்து, மறுபக்கமாக எழுந்து, சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பதைத் தாண்டிய மனுஷிக்கு அதைப் பார்த்ததும் என்ன தோன்ற வேண்டும்? ஐயோ பாவம், யாரோ கவிழ்ந்துவிட்டார்கள் என்று தோன்ற வேண்டும். இவளுக்கோ, நானும் ஒருதரம் கவிழ்ந்து பார்க்கணுமே என்று தோன்றியது. அன்றைக்கே பேரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கயாக்கில் இடுப்பைச் சுற்றி ரப்பர் விரிப்பு ஒன்றைக் கட்டிப் படகின் விளிம்போடு மாட்டிக்கொள்வார்கள், உள்ளே தண்ணீர் வராமலிருக்க. கிளப்பில் அதற்குப் பாவாடை என்றுதான் பேர். முறுக்கு மீசை வெல்டரும் பாவாடை கட்டிக்கொண்டுதான் ஆற்றில் இறங்குவார். படகு கவிழ்ந்தால் இரண்டு வழி. பாவாடையின் வாரை இழுத்துக் கழற்றிவிட்டு நீந்தி வெளியே வரலாம். அல்லது உட்கார்ந்தபடியே துடுப்பைத் தண்ணீரில் பதித்து, இடுப்பைச் சொடுக்கி, படகோடு புரண்டு எழலாம். முதல் வழியில் வந்தவர் கரையேறியதும் தன் ஈர ஷூவில் டீ ஊற்றிக் குடிக்க வேண்டும். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். வாத்தக்கா ஷூவில் குடித்த டீ, டம்ளரில் குடித்ததைவிட அதிகம் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். அவர் வாளித் தண்ணீரைக்கூடத் தள்ளி நின்று பார்க்கிற ஆள்.

"அக்கா, தலைதான் கடைசியா வரணும். நீங்க தலைய மொதல்ல தூக்குறீங்க. அந்த பாரத்துல படகு திரும்பிப் படுத்துக்குது," என்று வெல்டர் சலிக்காமல் சொல்வார்.

"மூச்சு தலையிலதானே இருக்கு வெல்டரே. அது மொதல்ல வராம வேற எது வரும்?" என்பாள் இவள்.

குளத்தில் நன்றாகவே புரண்டு எழுவாள். ஆற்றில் என்றால் மூளை யோசிப்பதற்குள் கை வாரை இழுத்துவிடும். ஏழு வருஷமாக இதே கதை. ஆனாலும் ஒரு ஞாயிறு விடமாட்டாள்.

அவளுக்கு ஒரே மகள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஆபத்து எங்கெங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிற உத்தியோகம். அம்மா ஆற்றுக்குப் போவது அவளுக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருநாள்கூட வந்து பார்த்ததில்லை. தன் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா பாதியில், ஈரத்தலையோடு, காதிலிருந்து தண்ணீர் வடிய வந்து உட்கார்ந்ததை அவள் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் முடியாது. இப்போது அவளே ஒரு பையனைப் பார்த்து முடிவு செய்திருந்தாள். பையனும் அவன் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவதாக ஏற்பாடு.

"அவங்க ரொம்ப நிதானமானவங்கம்மா. ஆறு, படகு, கவுந்தேன், எந்திரிச்சேன், ஒண்ணும் அவங்க முன்னாடி வேணாம். அன்னிக்கு ஆத்துப் பக்கமே போகாதே."

"போகலடி."

நல்ல மனதோடுதான் சொன்னாள். சனிக்கிழமை மழை கொட்டும் என்று யார் கண்டது? ஆறு கரையைத் தொடாமல், பாறையைக் காட்டாமல், இவர்களுக்கென்றே அளந்து விட்டதுபோல் ஓடியது. வெல்டர் போன் செய்தார். காலையில் வாத்தக்கா நல்ல உடுப்பை இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மதியத்துக்குள்ள வந்துடுவேன். வேன்லயே மாத்திக்கிட்டு, தலைய நல்லாத் தொடச்சுக்கிட்டு, பல் ஆஸ்பத்திரிலேர்ந்து வர்ற மாதிரி வருவேன்."

மகள் கத்தவில்லை. "அவங்க வரும்போது நீ இல்லேன்னா, கல்யாணத்துக்கும் வர வேணாம்மா," என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று வாத்தக்கா முகத்தைப் பார்த்தாள். முகத்தில் விளையாட்டு இல்லை. அப்போதே ஹேங்கரைத் திரும்ப அலமாரியில் மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. அவளுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஆற்றுப் பயணத்துக்கு இரண்டு வண்டி வேண்டும். ஒன்றை முடிகிற இடத்தில் முதலிலேயே விட்டுவிட்டு, எல்லோரும் மற்றதில் ஏறித் தொடங்குகிற இடத்துக்குப் போவார்கள். ஆற்றோடு கீழே வந்து, நிற்கிற வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போய் மற்றதைக் கொண்டுவருவார்கள். ஆகவே கீழ்வண்டியின் சாவி கட்டாயம் யாராவது ஒருவரோடு படகில் வந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு எப்போதும் வாத்தக்காவுக்குத்தான். அவளைவிட நறுவிசானவர் அந்தக் கூட்டத்தில் கிடையாது.

அன்று தண்ணீர் தேனாக இருந்தது. வாத்தக்கா கவிழவே இல்லை. நேரத்துக்கு முன்பே கரையேறி, கீழ்வண்டியாக நின்ற வேனைப் பார்த்து நடந்து, ஜாக்கெட் பையில் கையை விட்டாள். விட்ட கை அப்படியே நின்றது. மேலே உடை மாற்றும்போது மனதெல்லாம் மதியச் சாப்பாட்டில் இருந்தது. சாவி அவளுடைய கால்சட்டைப் பையில், கால்சட்டை மேல்வண்டியில், மேல்வண்டி நாலு வளைவுக்கு அப்பால். கண்ணாடிக்கு உள்ளே நல்ல உடுப்பு ஒரு மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோருடைய போனும் அதன் அடியில்தான் கிடந்தது.

இதில் கொடுமை என்னவென்றால் அவள் வீடு எதிர்க்கரையில், ரயில் பாலத்தைத் தாண்டியதும் முதல் வீடு. மாடியில் காயும் துண்டுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் போக வழியில்லை. ரயில் பாலத்தில் ஆள் நடக்கக் கூடாது. சாலைப் பாலமோ மேல்வண்டிக்கும் அப்பால். நேரே குறுக்கே போகலாமென்றால் எதிர்க்கரை நெடுகப் பாலம்வரைக்கும் உயரமான கல்சுவர், பல்லிதான் ஏறலாம். மிச்சம் ஒரே வழி, பாலத்துக்கு அடியில். அங்கே ஆறு இரண்டு தூணுக்கு நடுவில் நெருங்கிச் சரிந்து விழும். அதற்காகத்தான் கிளப் எப்போதும் பாலத்துக்கு முன்னாலேயே கரையேறிவிடும். அந்தச் சரிவில் வாத்தக்கா இறங்கியதில்லை.

"ரெண்டு பேர் ஓடிப் போய் சாவிய எடுத்துட்டு வரட்டும்க்கா. கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதானே," என்றார் வெல்டர்.

"லேட்டானா மக கல்யாணத்துல எனக்கு எடமில்ல வெல்டரே." சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஷூவில் டீ குடித்துவிட்டு இன்னொன்று கேட்கிற வாத்தக்காவின் குரல் உடைந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

வெல்டர் சரிவை ஒருதரம் பார்த்தார், அவளை ஒருதரம் பார்த்தார். "தனியா விட மாட்டேன். நான் மொதல்ல எறங்கி கீழ நிக்கிறேன். கவுந்தா பயப்படாதீங்க, நான் பொறுக்கிக்கிறேன்," என்று பாவாடையை மாட்டினார்.

அவர் இறங்கினார். அவள் பின்னால் இறங்கினாள். இரண்டு தூணும் பக்கத்தில் வந்தன, படகின் மூக்கு கீழே சாய்ந்தது, முகத்தில் அலை அடித்தது, இன்னும் நேராகத்தான் இருந்தாள். பாதிச் சரிவு தாண்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தாள்.

வீட்டின் பின்புறம், ஆற்றில் இறங்கும் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். வீட்டுக்காரர், மகள், உயரமாக ஒரு பையன், கையில் டம்ளரோடு கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். சீக்கிரமே வந்துவிட்டார்கள். காற்று வாங்க ஆற்றோரம் அழைத்து வந்திருக்கிறார், தண்ணீரைக் கண்டாலே ஆகாத அந்த மனுஷன்.

அடுத்த நொடி அவள் தலைகீழாகத் தண்ணீருக்குள் இருந்தாள்.

குளிர். காதில் ஒரே குமுறல். கை பழக்கத்தில் வாரைத் தேடிப் போனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: நீந்தி எழுந்தால் அந்த அம்மாளின் கண்ணெதிரில், முடி முகத்தில் ஒட்ட, இருமிக்கொண்டு எழ வேண்டும். ஐயையோ, இந்த மூஞ்சியை எப்படிக் கொண்டுபோய்க் காட்டுவது? மகள் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள். தலையைத் தூக்கவே அவளுக்கு மனசு வரவில்லை. கை வாரை விட்டுவிட்டுத் துடுப்பைப் பிடித்தது, இடுப்பு தானாகச் சொடுக்கியது, படகு புரண்டது, தோள் வந்தது. எல்லாம் வந்த பிறகு, வேறு வழியில்லாமல், வெட்கத்தோடு தலை வந்தது.

வெயிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கே புரியவில்லை. கீழே காத்திருந்த வெல்டர் துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "வந்துடுச்சுக்கா, தலை கடைசியா வந்துடுச்சு," என்று பாலம் அதிரக் கத்தினார்.

வாத்தக்காவுக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. படிக்கட்டை நோக்கி மெதுவாக வந்தாள். மகள் புதுச் செருப்போடு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றிருந்தாள். படகின் மூக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ செத்துட்டேன்னு நெனச்சேன்மா," என்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "நீ உள்ள போன, நான் இங்க மூச்ச விடல."

"வந்துட்டேனேடி. நேரத்துக்கு வந்துட்டேன். உடுப்புதான் அக்கரையில மாட்டிக்கிச்சு," என்றாள் அம்மா.

மேல்படியில் நின்ற பையனின் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "சார், உங்க வீட்டம்மாவுக்கு ஆஸ்பத்திரியில அவசர வேலைன்னு சொன்னீங்களே. இவங்க யாரு?"

வீட்டுக்காரர் பொய்யை எப்படி ஒப்பேற்றுவது என்று ஆகாயத்தைப் பார்த்தார். வாத்தக்கா ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிடலாமா, கழற்றாமலே கும்பிடலாமா என்று தடுமாறினாள்.

மகள் திரும்பி நின்றாள். "எங்கம்மாங்க," என்றாள். "ஏழு வருஷமா இந்த ஆத்துல கயாக் ஓட்டுறாங்க. இப்ப ஒருத்தங்க கவுந்து, வெளிய வராமயே புரண்டு எந்திரிச்சாங்களே, அது எங்கம்மாதான்."

"அப்படியா? நான் டம்ளரப் பாத்துக்கிட்டு இருந்துட்டேனே," என்றார் அந்த அம்மாள், நிஜமான வருத்தத்தோடு.

மகள் முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். படகின் மூக்கைப் பிடித்து, நிதானமாக, ஆழமான பக்கம் பார்த்துத் தள்ளிவிட்டாள்.

"அம்மா, இன்னொரு தடவ செஞ்சு காட்டும்மா. அத்தை சரியாப் பாக்கல."

வாத்தக்கா மகளை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு கவிழ்ந்தாள்.