எலிப் படம் போட்ட ஆபீஸ் சட்டை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்து எழுத எனக்கென்ன தலையெழுத்தா? ஆனால் ஈரோட்டில் சட்டைக்கடை வைத்திருக்கும் என் கூட்டாளி சக்திவேல், நான் போலந்தில் எலி பிடிக்கும் வேலை பார்ப்பதாக எங்கள் தொண்டாமுத்தூர் வரைக்கும் பரப்பிவிட்டான். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் இது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் என் அம்மாவிடம் போய் எலியைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.

நான் இருப்பது போஸ்னான் என்ற நகரத்தில், மூன்றாவது மாடியில். இங்கே படிக்கட்டில் எதிரே வருகிறவரைப் பார்த்துச் சிரித்தால், இவனுக்கு ஏதோ கோளாறு என்று ஒதுங்கிப் போவார்கள். வழி கேட்டு வந்தவனைக்கூட ‘ஏனுங்க, சாப்டீங்களா?’ என்று கேட்டு வளர்ந்தவன் நான். வந்த புதிதில் எல்லோரையும் பார்த்துச் சிரித்து, எல்லோரையும் பயமுறுத்தினேன். அப்படிப்பட்ட ஜனம் சில நாட்களில் மட்டும் என் நெஞ்சைப் பார்க்கும், முகம் மலரும், போலிஷில் ஏதோ நீளமாகப் பேசும். மறுநாள் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு போகும். எந்த நாளில் அப்படி நடக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு வெகு நாளானது. நான் அந்தக் கருநீலச் சட்டை போடும் நாளில்தான்.

சட்டை வந்த கதை இது. பிளஸ் டூவில் கோட்டைவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். பிஸ்கட்டுக்கு உறை மாட்டும் மெஷின்கள் செய்கிற இடம். அங்கிருந்துதான் இங்குள்ள கம்பெனிக்கு வந்தேன். முதலில் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தேன், நீல ஓவரால் போதுமாக இருந்தது. வாய் அதிகம் பேசுகிறேன் என்று சொல்லி, அந்த வாயை வைத்தே பிழைத்துக்கொள் என்று மேனேஜர் மாரெக் என்னை ஆபீசுக்கு மாற்றினார். வாடிக்கையாளர்களுக்கு மெஷினை விளக்க வேண்டும். ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் ஊருக்கு டிக்கெட். உடை மட்டும் ‘பிசினஸ் கேஷுவல்’ என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். ரொம்ப விறைப்பாகவும் இருக்கக்கூடாது, ரொம்பத் தளர்வாகவும் இருக்கக்கூடாது என்றார். எனக்குத் தெரிந்து அப்படி இருக்க வேண்டியது இட்லி மாவுதான்.

எங்கள் பக்கத்தில் மரியாதையான உடை ஒன்றே ஒன்று. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டுக்கும் கஞ்சி. பட்டறை முதலாளி கிரீஸுக்கு நடுவில் அதைக் கட்டிக்கொண்டு ஒரு பொட்டு அழுக்கில்லாமல் நடப்பார். அவர் பேண்ட் போட்டு வந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவும் அதையே சொன்னாள்.

“ரெண்டு வேட்டி எடுத்துட்டுப் போ கண்ணு. வேட்டி கட்டுனவன எவனும் நிக்க வெச்சுப் பேச மாட்டான்.”

வேட்டியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சட்டைக்கு சக்திவேலிடம் போனேன். திருப்பூரில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் தைத்ததில் மிஞ்சியதும் தையல் கோணியதும் இவன் கடைக்கு வந்து சேரும். அதனால் எங்கள் ஜில்லா ஆண்கள் நெஞ்சில் எந்த நாட்டுப் பெயரெல்லாம் எழுதியிருக்கும் என்று சொல்லி முடியாது. என் மாமா ஒருவர் ஜெர்மன் பெண்கள் கைப்பந்துக் குழுவின் பனியனோடுதான் சாணி அள்ளுவார். நாங்கள் துணியைத் தடவிப் பார்ப்போம், தையலை இழுத்துப் பார்ப்போம், எழுத்தைப் படிக்க மாட்டோம்.

“மாப்ள, இது நீ இருக்கற நாட்டுக்கே போற சரக்குடா,” என்று அந்தக் கருநீலச் சட்டையை உதறிப் போட்டான் சக்திவேல். “இதப் போட்டுட்டுப் போனீன்னா உன்னைய அவிங்க ஆளுன்னே நெனச்சுப்போடுவாங்க.”

நெஞ்சில் சின்னதாக ஓர் எலி, அதன் கீழே நீளமாக ஒரு சொல். முதலை போட்ட சட்டை பார்த்திருக்கிறேன், குதிரை போட்டதும் பார்த்திருக்கிறேன். எலிக்கு மட்டும் ஒரு கம்பெனி இருக்கக்கூடாதா? கீழே இருப்பது என்ன என்று கேட்டதற்கு, தைத்தவன் பேர், இத்தாலிக்காரன் என்று கண்ணிமைக்காமல் சொன்னான். நாலு சட்டை எடுத்துக்கொண்டேன்.

வந்தது குளிர்காலம். ஆபீசில் எலி ஸ்வெட்டருக்குள் ஒளிந்திருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, குப்பை கொட்டப் படியிறங்கும்போதுதான் வெளியே வரும். அப்படி ஒருநாள் கீழ்வீட்டு ஹெலெனா அம்மா என் நெஞ்சைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். காப்பி கொடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நானும் பணிவாகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். அவர் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து காட்டினார். எலிப் புழுக்கை. யானை தோட்டத்துக்குள் புகுந்தாலே அசராத ஊர்க்காரனிடம் இதைக் காட்டுகிறார். ஒரு எலிப்பொறியும், இந்தியக் கடையில் தேங்காயும் வாங்கி, ஒரு சில்லைச் சுட்டுப் பொறியில் மாட்டினேன். காலையில் எலி உள்ளே இருந்தது. ஹெலெனா அம்மா ஆப்பிள் கேக் கொடுத்தார். அடுத்த வாரம் முதல் மாடிக்காரர் கூப்பிட்டார், பிறகு எதிர் பிளாக். கொங்கு நாட்டுக்காரனின் நல்ல மனசு போலந்துவரை தெரிந்துவிட்டதே என்று எனக்குள் ஒரே பெருமை.

ஆறாவது மாதத்தில் ஒரு பெரிய பிஸ்கட் கம்பெனியிலிருந்து மெஷின் பார்க்க வருகிறார்கள் என்றார் மாரெக். நீதான் விளக்க வேண்டும், இதை வைத்துத்தான் உன் முடிவு என்றார். அன்றைக்கு ஸ்வெட்டர் வேண்டாம் என்று தீர்மானித்தேன். நல்ல சட்டையை எதற்கு மறைக்க வேண்டும்? முந்தின நாளே சோறு வடித்த கஞ்சியில் முக்கி, காயவைத்து, தேய்த்தேன். காலர் கத்தி மாதிரி நின்றது.

வந்தவர் உயரமான ஒரு பெண்மணி, அந்தக் கம்பெனியில் சுத்தத்துக்குப் பொறுப்பு. கை கொடுக்க வந்தவர் என் நெஞ்சைப் பார்த்து அப்படியே நின்றார். எவ்வளவு காலமாக இந்தக் கம்பெனி என்று ஆங்கிலத்தில் கேட்டார். சட்டையைத்தான் கேட்கிறார் என்று, நல்ல கம்பெனி மேடம், சாயமே போகாது என்றேன். அதன்பிறகு அவர் மெஷினைப் பார்க்கவே இல்லை. மெஷினுக்குப் பின்னால் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார், மூலையில் பார்த்தார். இத்தனை ஆர்வமா என்று பூரித்து, ஒரு பலகையை வேறு தூக்கிப் பிடித்து, இங்கேயும் பாருங்கள் என்றேன்.

மாரெக் என்னைத் தனியே இழுத்துப் போனார். முகம் தக்காளி மாதிரி இருந்தது. நீ போட்டிருப்பது எலி ஒழிக்கிறவர்களின் யூனிஃபார்ம், கீழே போலிஷில் எழுதியிருப்பதும் ‘எலி ஒழிப்பு’ என்றுதான், நம் பட்டறையில் எலி இருக்கிறது என்று அந்தம்மா நினைக்கிறார், இனி நம் மெஷினில் ஒரு பிஸ்கட்கூடப் போடமாட்டார் என்றார்.  ஆப்பிள் கேக்கெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

நேரே அவரிடம் போனேன். காலரைத் திருப்பி இந்தியா என்று போட்டிருந்த லேபிளைக் காட்டினேன். திருப்பூர், ஈரோடு, சக்திவேல், இத்தாலிக்காரன், சாணி அள்ளும் மாமா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மொத்தத்தையும் கொட்டினேன். தெரியாத இடத்தில் கையால் நடித்துக் காட்டினேன். அவர் குனிந்து லேபிளைப் படித்தார். பிறகு விரலால் என் காலரைச் சுண்டினார். டொக் என்றது. எங்கள் ஃபேக்டரிக்கு வருகிற எலிக்காரனும் இதே சட்டைதான் போடுகிறான், ஆனால் அவனுடையது இப்படி நிற்காது என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போலந்துக்காரர் ஒருவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் மெஷினைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஆர்டர் வந்தது. வேலையும் நிரந்தரமானது. நெஞ்சில் எந்தப் பிராணியும் இருக்கக்கூடாது என்பது மட்டும் மாரெக்கின் நிபந்தனை.

இப்போது ஆபீசுக்கு இந்த ஊர்க் கடையில் வாங்கிய வெறும் சட்டைதான். வாங்கும்போது காலரைத் திருப்பிப் பார்த்தேன், அதுவும் இந்தியாவில் தைத்ததுதான். அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கினால் ஹெலெனா அம்மாவே சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார். ஊரில் வேட்டி கட்டினால் நான் இன்னார் மகன். ஆபீசில் வெறும் சட்டையில் நான் ஒரு ஊழியன். எலியோடு இறங்கினால்தான் இந்தத் தெருவில் எனக்கு வணக்கம், நலம் விசாரிப்பு, கேக். அதனால் சனிக்கிழமைகளில் மட்டும் தெரிந்தேதான் அதைப் போடுகிறேன். பொறியும் தேங்காய்ச் சில்லும் எப்போதும் தயார்.

நேற்று வேட்டியையும் எலிச் சட்டையையும் ஒரே கஞ்சியில் முக்கிப் பால்கனிக் கொடியில் போட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் உறைபனியில் இரண்டும் பலகை மாதிரி விறைத்து, உள்ளே ஆளே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எதற்குள் நான் போக வேண்டும் என்று தெரியாமல் லுங்கியோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் போட்டோ எடுத்து, இதுவரை எழுதியதையும் சேர்த்து, ஊரெல்லாம் சொன்ன பொய்யை இனியாவது திருத்தடா என்று சக்திவேலுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

“மாப்ள, அதே ஆர்டர்ல பேண்டும் இருக்குது, பின்னாடி கரப்பாம்பூச்சி படம், அனுப்பட்டுமா?”