கிட்டுசாமியின் யானைக்கல்

ட்ரிப் கிளம்பும் வாரம் வியாழக்கிழமை சாயங்காலமே கிட்டுசாமி ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ்க்ரீமையெல்லாம் பக்கத்து அபார்ட்மெண்டுக்குத் தள்ளிவிட்டு, கழுவிய பால் கேன்களில் தண்ணீர் ஊற்றி உள்ளே அடுக்கிவிடுவார். மறுநாள் அது கல்லாக உறைந்து கூலரில் தயிர்சாதத்துக்குக் காவல் இருக்கும். அதற்கு மறுநாள் உருகி, பாலைவனத்தில் எல்லோருக்கும் குடிநீர் ஆகிவிடும். "ஒரே தண்ணி, ரெண்டு வேலைங்க" என்பார்.

டெக்சாஸில் எங்கள் ரவுண்ட் ராக்குக்குப் புதிதாகக் குடிவரும் எந்தத் தமிழ்க் குடும்பமும் அவரிடமிருந்து தப்ப முடியாது. சோஷியல் செக்யூரிட்டி கார்டு வருவதற்கு முன்னால் கிட்டுசாமி வந்துவிடுவார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், நாற்பது வயது, கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. நயாகராவுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், டெக்சாஸில் இருந்துகொண்டு பிக் பெண்ட் பாலைவனப் பூங்காவைப் பார்க்காதவன் மனுஷனா என்பது அவர் கட்சி. ஒன்பது மணி நேரப் பயணம். வேனை அவரே வாடகைக்கு எடுத்து, அவரே ஓட்டி, வாயையும் அவரே ஓட்டுவார்.

அங்கே ரியோ கிராண்டே ஆறு மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. இக்கரை அமெரிக்கா, அக்கரை மெக்சிகோ. "உள்ளார போனீங்கன்னா ரெண்டு பக்கமும் ஆயிரத்தைந்நூறு அடிக்குச் செவுருங்க. கடைசியில யானை படுத்தாப்பல ஒரு கல்லு. அதோட வழி முடிஞ்சுது. அக்கரையில மட்டும் காலை வெச்சறாதீங்க, திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கேப்பான்." இதை அவர் சொல்லும்போது, மலையே அவருடைய பாட்டன் சொத்தோ என்று தோன்றும். சரியான ஜம்பப் பேர்வழி என்று நானும் நினைத்திருக்கிறேன்.

போன மார்ச்சில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். நான், மனைவி காமாக்ஷி, ஆறு மாதத்துக்கு வந்திருந்த மாமியார் விசாலாக்ஷி, இன்னும் இரண்டு குடும்பங்கள். வழியில்தான் சொன்னார், நியூ ஜெர்சியில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் அங்கே பிளெய்ன்ஸ்பரோவில் வாசம், இது ஆறாவது ட்ரிப், இதுவே கடைசி என்று.

மலையிடுக்குக்குள் போக ஒரு கிளையோடையைத் தாண்ட வேண்டும். முழங்கால் ஆழம், வழுக்கும் சேறு. கிட்டுசாமி பேண்டைச் சுருட்டிக்கொண்டு நட்டநடு ஓடையில் நின்று, ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கரையேற்றினார். மாமியாரின் முழங்காலுக்கு இதெல்லாம் ஆகாது. நான் அம்மாவோடு இருக்கிறேன் என்று காமாக்ஷி சொன்னதைக் கிட்டுசாமி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"கூட்டியாந்தவன் நானு. உங்கள உக்கார வெச்சுட்டு நான் போறதுங்களா?"

உள்ளே குளிருமா, சால்வை கொடுத்தனுப்பவா என்று மாமியார் அவரைக் கேட்டார்.

"தெரியலீங்கம்மா. நான் உள்ளார போனதில்லீங்க."

ஓடையின் மறுகரையில் நாங்கள் அப்படியே நின்றுவிட்டோம். ஐந்து ட்ரிப். ஒவ்வொன்றிலும் ஊரிலிருந்து வந்த யாருடைய அம்மாவோ அப்பாவோ இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக இவர் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். செவுரும் யானையும் போய்வந்தவர்கள் வாயிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவருக்கோ துளி வருத்தம் இல்லை. அறுபது பேர் உள்ளே போய்ப் பார்த்தார்கள், அத்தனை பேரும் தான் கூட்டிவந்தவர்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

மாமியார் கேன்வாஸ் ஷூவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்.

"வேண்டாங்கம்மா, வழுக்குமுங்க."

"கையைக் கொடுங்கோ. யானையை நீங்களே பாக்காம நியூ ஜெர்சில போய் யாருக்குக் கதை சொல்லப் போறேள்?"

அறுபத்தெட்டு வயசு. இரண்டு தடவை சறுக்கி, ஒரு தடவை ராமா என்று கூப்பிட்டு, கரையேறிவிட்டார். மாம்பலத்தில் ரோடு தாண்டவே துணை தேடுகிறவர். என் மாமியாரைப் பற்றி நான் பெருமைப்பட்ட முதல் நாள் அது.

உள்ளே மாமியார் கையைப் பிடித்துக்கொண்டே கிட்டுசாமி நடந்தார். அண்ணாந்து பார்த்து, செவுரு சரியாகத்தான் இருக்கிறது என்றார். போகப் போகப் பேச்சு குறைந்தது. வழி முடியப்போகிறது, யானையைக் காணோம். நாணல் இருந்தது, சின்னச் சின்னப் பாறைகள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அறுபது பேருக்குச் சொன்ன யானை இல்லாமல் போனால் மனுஷன் என்ன ஆவார் என்று நானும் பாறை பாறையாகத் தேட ஆரம்பித்தேன்.

கடைசித் திருப்பத்தில், தண்ணீர் ஓரமாக, அது படுத்திருந்தது. முதுகு, தலை, மடக்கிய முன்னங்கால் எல்லாம் சரியாக இருந்தன.

கிட்டுசாமி மாமியாரை நிழலில் உட்காரவைத்தார். ஈரக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு கிட்டே போய், சொந்தத் தொழுவத்து மாட்டைத் தட்டுவதுபோல அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.