73939133-ஐ வாபஸ் வாங்க மாட்டேன்!

இரண்டு வாரம் முன்பு சீர்காழியிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, உடனே கிளம்பி வா. உங்க அத்தான் மனுவை வாபஸ் வாங்க மாட்டேங்கிறார். நிலம் போயிடும் போலிருக்கு!"

நிலம் அக்காவுடையது. இரண்டு மா வயல். நடவுக்கு முன்னால் வரப்பைச் செதுக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். பக்கத்து வயல் முருகையன் தன் பக்கம் செதுக்கி, அந்த மண்ணை அக்கா பக்கம் அணைப்பார். வரப்பு நடக்காமல் என்ன செய்யும்? நிலத்தை அளக்கச் சொல்லி மனு மேல் மனு போட்டு இரண்டு ஆட்சி மாறியாயிற்று. வரப்பும் மாறியது — இரண்டு அடி!

ஆன்லைனில் கடைசியாகப் போட்ட மனுவில் சர்வே எண் தப்பு. "வாபஸ் வாங்கிட்டுப் புதுசா போடுங்க சார். வெள்ளிக்கிழமையே அளந்துடலாம்" என்றார்களாம் தாலுகா ஆபீஸில். அத்தான் மறுத்துவிட்டார். ஏன்? அவர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். மனு எண்... 73939133.

"இது பகா எண் மாப்ளே. ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது. கடைசி 3-ஐ வெட்டு. 7393913... அதுவும் பகா எண்! மறுபடி வெட்டு, 739391... அதுவும்! வெட்டிக்கிட்டே போனா 7 மிஞ்சும். அதுவும் பகா எண்! இந்த ரகத்துல இதைவிடப் பெரிசே கிடையாது. இதைப் போய் விடுறதா?"

"புது நம்பர் தருவாங்களே அத்தான்?"

"இரட்டைப்படையா வந்துட்டா?"

ஃபேன்சி நம்பருக்காக அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்பருக்காக நிலத்தை விடுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். அக்கா பாவம், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வாபஸ் வாங்க ஓ.டி.பி. வேண்டும். அது அத்தான் போனுக்குத்தான் வரும். அந்தப் போனோ அவர் சட்டைப்பையை விட்டு இறங்காது.

கண்ணால் பார்த்தாலாவது புத்தி வராதா என்று அத்தானை வயலுக்கு இழுத்துப் போனேன். முருகையன் மண்வெட்டியோடு நின்றிருந்தார். அத்தான் சண்டை போடவில்லை. "போனைப் பிடி, சேத்துல விழுந்துடும்" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, வரப்பு மண்ணில் குச்சியால் 73939133 என்று எழுதினார். ஒவ்வோர் இலக்கமாக அழித்து அழித்துப் பாடம் நடத்தினார். முருகையன் வாய் பிளந்து கேட்டார்.

"அப்ப எத்தனை தடவை வெட்டினாலும் ஒண்ணும் ஆகாதுங்களா சார்?"

"ஒண்ணுமே ஆகாது!" அத்தான் முகத்தில் அப்படியொரு பெருமை.

"ரொம்ப சந்தோஷங்க சார்" என்று முருகையன் மண்வெட்டியை எடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன்தான் என் கையில் இருக்கிறதே! நாலடி தள்ளிப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாபஸ் பட்டனைத் தட்டினாள். ஓ.டி.பி. வந்தது, படித்துச் சொன்னேன். மனு காலி! கையோடு அக்கா சரியான சர்வே எண்ணைப் போட்டுப் புது மனுவும் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். இரண்டு அடியும் திரும்பக் கிடைத்தது. ஊர் திரும்பியிருந்த என்னிடம் அக்கா போனிலேயே அழுதாள். அத்தான் மட்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

நாலாவது நாள் அவரே கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாரானேன்.

"மாப்ளே... அந்த ஓ.டி.பி. என்ன நம்பர்?"