விளம்பரத்தில் வந்த முகம்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு பத்திரிகை விளம்பரத்துக்கு முகம் காட்டினேன். குற்றாலத்தில் மூலிகை எண்ணெய் விற்கும் ஒருவர் புதிதாகச் சிவப்பழகு கிரீம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். தென்காசி ஸ்டுடியோ ஒன்றில் படம் எடுத்தார்கள். முதலில் என் முகத்தில் கருமையாக எதையோ அப்பி ஒரு படம். அதைக் கழுவிவிட்டு, பவுடர் பூசி, விளக்கைக் கூட்டி இன்னொரு படம். ‘முன்’, ‘பின்’, ‘நாற்பதே நாளில்’ என்று ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்தது. எனக்கும் ஒரு டப்பா கொடுத்தார்கள். திறந்து பார்த்தேன், வாடை பிடிக்காமல் மூடிவிட்டேன்.

இலத்தூரில் சித்தி மகள் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள், நல்ல கறுப்பு. பெண் பார்த்துப் போன இரண்டு வீட்டார் பதிலே சொல்லவில்லை. அந்தப் பேப்பரோடு வந்தாள்.

“யக்கா, நெசமாவே இதத்தான் போடுதியா?”

கல்லூரியில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

“பேப்பர்ல பாத்தேல்லா” என்றேன். என் டப்பாவையும் அவளிடமே கொடுத்தேன்.

அவள் முகம் உண்மையிலேயே வெளுத்தது. கல்யாணம் நிச்சயமானது. சித்தி சந்தோஷத்தில் எனக்கொரு சேலை எடுத்துக் கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவளுக்குக் கால் வீங்கியது. சிறுநீர் நுரைத்துப் போனது. திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனோம். சித்தி மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம், மருத்துவர் அவளிடம் கேட்டார்.

“முகத்துக்கு என்ன போடுறீங்க?”

“ஒரு கிரீம் சார். யக்காவும் அதத்தான் போடுதா.”

அவர் என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எதுவும் தொந்தரவு இருக்கா?”

“நான் போட்டதே இல்ல சார்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

டப்பாவைச் சோதித்ததில் பாதரசம் இருந்தது. சிறுநீரகம் இரண்டும் தேறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். டயாலிசிஸ் செய்தே நான்கு வருடம் இருந்தாள். ஒருநாள் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தபோது, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாக்கா?”

“வெக்கமா இருந்துச்சுட்டி.”

“ம்” என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நான் அதைப் போட்டதே இல்லை என்பதைத் தன் அம்மாவிடமும் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டாள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள்: “இவளும் அந்தக் கருமத்தப் போட்டவதான். இவளயாவது சாமி காப்பாத்திட்டு.”

நான் கையை அவள் பிடியிலேயே விட்டுவைத்திருந்தேன்.