கோப்பி தலையை உதறிய மூன்று வாரம்

கிள்ளானை அடுத்த மேருவில் ஃபேக்டரிகளெல்லாம் முடிந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் தொடங்குகிற இடத்தில் ஒரு குதிரைச் சவாரிப் பள்ளி இருக்கிறது. கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே வீரம்மாவின் குரல் காதில் விழுந்துவிடும். ரப்பர் கையுறை ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. வேலையை விட்டுப் பதினொரு வருஷம் ஆகியும் இறங்கிய பாடில்லை. இங்கே லாயம் கூட்டத்தான் வந்தாள். முதல் மாதம் குதிரை தும்மினாலே "ஐயோ முருகா" என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடியவள், இன்றைக்குப் பதினான்கு குதிரைக்கும் தீனி வைத்து, குளிப்பாட்டி, கடிவாளம் துடைத்து மாட்டுகிறாள். ஏறி உட்கார மட்டும் மாட்டாள். "மேல உக்காந்து என்னத்தக் காணப் போறேன்? எனக்குக் கீழயே வேலை நெறைய இருக்கு" என்பாள்.

பதினான்கில் அவளுக்கு உயிர் கோப்பிமேல்தான். பந்தயத்தில் ஓடி ஓய்ந்து, எலும்பும் தோலுமாக லோரியிலிருந்து இறங்கிய குதிரை. காப்பி நிறத்தைப் பார்த்து அவள் வைத்த பெயர் அது. தீனி போட்டுத் தேற்றியவள் அவள். சவாரிக்குப் பழக்கியவன் பாசில். கிள்ளான்காரன், இருபத்தெட்டு வயது. அப்பாவின் துணிக்கடையில் உட்காரச் சொன்னால் குதிரை குதிரை என்று இங்கே வந்து கிடக்கிறவன்.

மாட்டுப் பொங்கல் அன்று லாயத்தில் பொங்கல் வைப்பது வீரம்மாவின் வழக்கம். மாடு இல்லாத இடத்தில் குதிரைக்குத்தானே செய்ய வேண்டும் என்பது அவள் நியாயம். இந்த வருஷம் கோப்பிக்கு ஒரு புதுச் சாமானும் தைத்தாள். கடிவாளத்தின் பட்டை காதுக்குப் பின்னால் உச்சந்தலையில் படும் இடத்துக்கு ஓர் உறை. உள்ளே மெத்தென்று பழைய டவல். வெளியே பிரிக்பீல்ட்ஸில் மகள் கல்யாணத்துக்கு எடுத்த சேலையில் மிஞ்சிய ஜரிகைத் துணி. போட்டுவிட்டதும் கோப்பி மாப்பிள்ளையாகிவிட்டது. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். கழற்ற யாருக்கு மனசு வரும்? அப்படியே இருந்துவிட்டது.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. தைப்பூசம் கழிந்த பிறகுதான் ஆரம்பித்தது. பாசில் ஏறி உட்கார்ந்து வாரைப் பிடித்த உடனே கோப்பி தலையை மேலும் கீழும் உதறியது. இறங்கினால் சாது. ஏறினால் மறுபடி அதே கூத்து. ஒருநாள் அது உதறிய வேகத்தில் பாசிலின் உதடு கிழிந்தது. அன்றே மாணவர்கள் யாரும் கோப்பிமேல் ஏறக்கூடாது என்று உத்தரவு வந்தது.

பள்ளியின் முதலாளி திருச்செல்வம் மருத்துவரை வரவழைத்தார். பல்லைப் பார்த்தார்கள், காதில் டார்ச் அடித்தார்கள், முதுகை அழுத்தினார்கள். சேணத்தை மாற்றினார்கள். ஈ மொய்க்கிறதோ என்று மூக்குக்கு வலை போட்டார்கள். ஒன்றுக்கும் மசியவில்லை. வீரம்மாவுக்கோ பதில் முதல் நாளே தெரிந்துவிட்டது.

"பாஸ், அது கை முரடு பாஸ். வாய் இல்லாத ஜீவன், வேற எப்படிச் சொல்லும்? பாசில் புடிக்கிற புடியில நானா இருந்தா கடிச்சே வச்சிருப்பேன்."

பாஸிடம் மட்டுமா சொன்னாள்? ரொட்டி சானாய் கடையில் சொன்னாள், தீனி கொண்டுவரும் லோரி டிரைவரிடம் சொன்னாள், பாசிலின் முகத்துக்கு நேராகவும் சொன்னாள். அவன் "அப்படியாக்கா?" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை திருச்செல்வம் முடிவாகச் சொல்லிவிட்டார். கடற்கரையில் டூரிஸ்டுகளை ஏற்றிச் சுற்றுகிற ஆள் ஒருவன் கோப்பியைக் கேட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை அவரே ஏறிப் பார்ப்பார். உதறினால் சனிக்கிழமை லோரி வரும். அதுவரைக்கும் பாசில் எந்தக் குதிரைமேலும் ஏற வேண்டாம், சாணி அள்ளட்டும்.

அந்தக் கடற்கரைக் குதிரைகளை வீரம்மா பார்த்திருக்கிறாள். உச்சி வெயிலில், உப்புக் காற்றில், ஒருவர் இறங்குமுன் அடுத்தவர் ஏறுவார். வியாழக்கிழமை கோப்பியைக் குளிப்பாட்டும்போது அழுதுகொண்டேதான் தேய்த்தாள். காதுக்குப் பின்னால் பிடரி மயிருக்குள் விரலை விட்டு அழுத்தியபோது கோப்பி சிலிர்த்துத் தலையை இழுத்துக்கொண்டது. மயிரை விலக்கிப் பார்த்தாள். கடுகளவு கடுகளவாகப் பொருக்கு, வரிசையாக.

சட்டென்று போய்க் கடிவாளத்தை எடுத்தாள். உறையின் உட்பக்கத்தைத் தடவினால் டவல்தான், மெத்தென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். சுருக்கென்று குத்தியது. தையலுக்குள் மடித்துவிட்ட ஜரிகை நுனிகள் வியர்வையில் தையல் விட்டுப்போய், டவலின் இழைகளுக்கிடையே கம்பி கம்பியாக நின்றன. ஏறியவன் வாரைப் பிடித்தால் உச்சந்தலையில் பட்டை அழுந்தும், அழுந்தினால் குத்தும். அத்தனை பேரும் கடிவாளத்தைக் கழற்றிவிட்டுத்தானே குதிரையைப் பார்த்தார்கள்!

"அடிப் பாவி மவளே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உறையைப் பிரித்து எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள். பொருக்குக்கு மஞ்சள் களிம்பு தடவினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. குதிரை பிழைத்தால் போதும், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை திருச்செல்வம் முழங்கால் வலியோடு கோப்பிமேல் ஏறினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்புறம் ஓட்டம். தலை ஆடவே இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற வீரம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"பாத்தியா?" என்றார் இறங்கியபடி. "நீ சொன்னதுதான் சரி வீரம்மா. கைதான். கோப்பி எங்கயும் போகாது லா. பாசில், நீ இனிமே ஏற வேணாம். லாய வேலை மட்டும் பாரு."

சாணி வண்டியோடு நின்றிருந்தான் பாசில். சண்டை போடுவான் என்று வீரம்மா எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் அவளுக்கும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி பாஸ்" என்றான். "எனக்கும் தோணுச்சு. கை முரடாதான் இருக்கும்போல. இத்தனை வருசம் அதுங்களுக்கு வலிச்சிருக்கும், எனக்குத்தான் தெரியல." சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

வீரம்மா இதை நினைக்கவே இல்லை. குதிரையைக் காப்பாற்ற எடுத்ததுதான் இவன்மேல் குற்றத்தை முத்திரை குத்திவிட்டது. அதைவிட, அவன் அதை நம்பிவிட்டானே! அவளுக்குத் தாங்கவில்லை.

"நில்லு பாசிலு!" லாயம் அதிர்ந்தது. கைப்பையைத் திறந்து உறையை எடுத்தாள். "பாஸ், கையைக் குடுங்க." அவர் முழங்கையின் உட்புறத்தில் வைத்து அழுத்தினாள்.

"அலாமா!" என்று கையை இழுத்துக்கொண்டார். தோலில் சிவப்புப் புள்ளிகள்.

"இதுதான் பாஸ். நான் தச்சது. நேத்துதான் பாத்தேன், பாத்ததும் கழட்டி ஒளிச்சு வச்சிட்டேன். இவன்மேல ஒரு தப்பும் இல்ல. ஊர் பூரா இவனைச் சொன்னதும் நான்தான்."

திருச்செல்வம் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். இனிமேல் தன்னைக் கேட்காமல் குதிரைமேல் ஒரு நூல்கூடப் போடக்கூடாது என்றார். ஆறு மாதத்துக்குக் கோப்பியின் பக்கம் அவள் போக வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வீரம்மா தலையை ஆட்டினாள்.

பாசில் வண்டியை விட்டுவிட்டு வந்தான். முகம் கறுத்திருந்தது. "மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்லக்கா. கடையிலயே உக்காந்துடுறேன்னு அத்தாகிட்ட சொல்லிட்டேன், தெரியுமா?"

"தெரியாது தம்பி."

வேலியில் தொங்கிய கடிவாளத்தை எடுத்தான். வாயில் மாட்டும் கம்பியை அவள் இரண்டு கையிலும் கொடுத்தான். வாரின் மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான். "நீங்கதான் இப்ப குதிரை. கண்ணை மூடுங்க. நான் புடிக்கிறேன்."

மூடினாள். இழுப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கம்பியில் ஏதோ உயிர் வந்ததுபோல் மெல்லிய ஓர் அசைவு மட்டும் தெரிந்தது. இடப்பக்கம் திரும்பச் சொல்கிறான் என்று அவளுக்கே புரிந்தது, திரும்பினாள். பதினொரு வருஷம் குதிரைகளோடு இருந்தும், ஒரு நாளாவது இந்தக் கையை அவள் அறிந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"பஞ்சு மாதிரி இருக்குடா உன் கை. மன்னிச்சிரு தம்பி. என் வாய்தான் முரடு."

"அது மேரு பூராவுக்கும் தெரிஞ்சதுதானேக்கா" என்றான் பாசில். கடிவாளத்தை வாங்கிக்கொண்டு கோப்பியிடம் போனான்.