மருமகள் பெயருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு

கண்டியில் கல்யாணக் கார்டு அடிக்கும் கடையில் டைப் செய்கிறேன். ஒருநாள் புசல்லாவையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்திருந்தார். கார்டின் ஆங்கிலப் பக்கத்தை அடித்துத் திரையில் காட்டினேன். மாப்பிள்ளை ராஜாவின் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. பெண் யோகாம்பிகையின் பெயருக்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு நெளிந்தது.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "எம் மகன் பேரு சரி, அந்தப் புள்ள பேரு மட்டும் பிழையா?"

"பிழை இல்லம்மா. கம்பியூட்டருக்கு இந்தப் பேரு தெரியாது, அதான். கார்டுல கோடு வராது."

"தெரியாட்டி சொல்லிக் குடுங்க. எங்க வீட்டுக்கு வாழ வர்ற புள்ளைங்க அது."

எத்தனையோ பெயர்களின் கோட்டை நான் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன். அன்றுதான் முதன்முறையாக ஒரு பெயரைக் கணினியின் அகராதியில் சேர்த்தேன். கோடு மறைந்த பிறகுதான் அம்மா, நான் வாங்கி வைத்து ஆறிப்போயிருந்த பிளேன்டீயைக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு எந்தப் பெயரையும் நான் கோட்டோடு விட்டதில்லை.

போன மாதம் ஓர் இளம்பெண் வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வந்தாள். அவள் சொன்ன பெயரை அடித்தேன். கோடு விழவில்லை. எனக்கு முன்பே கணினி அவளை அடையாளம் கண்டுகொண்டது.

நிமிர்ந்து பார்த்துக் கேட்டேன்: "உங்க மாமியார் சுகமா இருக்காங்களா?"