எருமைத் தொட்டியில் ஏறிய கோழிகள்

எங்கள் முட்டையில் கருவாட்டு வாசம் வருகிறது என்று முதலில் சொன்னவர் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர். அவர் கடை ஆம்லெட்டுக்கு எங்கள் வீட்டு முட்டைதான். ஒருநாள் காலையில் நான் கூடையோடு போனபோது, ஒரு முட்டையை உடைத்துத் தம்ளரில் ஊற்றி என் பக்கம் நீட்டினார்.

"மோந்து பாரும்மா. ஆம்லெட்டு கேட்டா கருவாடு தர்றியேன்றாங்க."

மோந்து பார்த்தேன். மறுக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. நான் கல்யாணமாகி, வேலூரை அடுத்த அணைக்கட்டுக்குப் பக்கத்து ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறிவிடுவார். வீட்டில் நானும் மாமனாரும் என் நாத்தனாரும்தான். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். நாத்தனாருக்கு என் வயசு. எதற்கெடுத்தாலும் என்னோடு பந்தயம் கட்டுவாள், தோற்றால் சிரிப்பாள்.

கோழிகள் வந்தது என் வீட்டுக்காரரால். ஒரு சனிக்கிழமை ஓட்டை போட்ட ஷூ டப்பாக்களில் அரசாங்கக் கோழிப் பண்ணைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்கினார். "சிவப்பு ஜாதி. பெட்டை நல்லா முட்டை போடும், சேவல் கறிக்கு ஆகும். ரெண்டுத்துக்கும் ஒரே கோழி" என்றார். பிழைத்து வளர்ந்தவை இருபது பெட்டைகள், பத்துச் சேவல்கள். வேலூரில் மூட்டையாக வாங்கிய தீவனத் தூளைப் போட்டோம். அதில் மீன் தூள் ஏற்கெனவே உண்டு. அது போதாதென்று நாத்தனார் கருவாட்டை இடித்து அதன் மேலும் தூவுவாள். சத்து கூடக்கூட முட்டையும் கூடும் என்பது அவள் கணக்கு.

டீக்கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். "மீனே வேணாம். நம்ம வீட்டுல இல்லாததா? கேழ்வரகு இருக்குது, தவிடு இருக்குது, கடலைப் பிண்ணாக்கு இருக்குது."

"இன்னா அண்ணி, தவிட்டைத் தின்னு கோழி முட்டை போடுமா? நீங்க போட்டுருவீங்களா?"

இரண்டு நாள் இதே பேச்சு. மாமனாருக்குப் பேஜாராகிவிட்டது. எங்கள் இருவரையும் அணைக்கட்டு மாட்டாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டர் எங்கள் வாதத்தை முழுதாகக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. சினை பிடிக்காத மாடுகளைப் பற்றி மட்டுமே கேட்டு அலுத்திருப்பார் போல.

"சண்டை எதுக்கு? பட்டியை ரெண்டாப் பிரிங்க. இந்தப் பொண்ணு பழைய தீனியே போடட்டும். நீ உன் தீனியைப் போடு. ஆனா ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். தெனமும் எழுதி வெச்சு ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

மூங்கில் தட்டியால் நடுவே தடுத்துப் பட்டியைப் பிரித்தோம். ஆளுக்குப் பத்துப் பெட்டை, ஐந்து சேவல். அடையாளத்துக்காகக் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் சொந்தக்காரர் வீட்டிலிருந்து துண்டு நூல் வாங்கிவந்து காலில் கட்டினோம். என்னுடையவை சிவப்பு, அவளுடையவை பச்சை.

டாக்டர் சொன்னதை நான் அன்றைக்கே மீறினேன். ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். கடைத் தூள் கிடையாது, மீன் கிடையாது. அரைத்த கேழ்வரகு, கம்பு, தவிடு, கடலைப் பிண்ணாக்கு, அகத்திக்கீரை. அதோடு கரையான். உடைந்த பானையில் சாணியும் ஈர வைக்கோலும் அடைத்துச் சாயங்காலம் வரப்போரம் கவிழ்த்து வைப்பேன். காலையில் நிமிர்த்தினால் உள்ளே வெள்ளையாகக் கரையான் நெளியும். நான் பானையோடு வருவதைப் பார்த்ததும் கோழிகள் ரெக்கையை விரித்துக்கொண்டு ஓடிவரும். அதைப் பார்க்கவே தினமும் சீக்கிரம் எழுந்தேன்.

மூன்றாவது வாரம் முட்டை குறைந்தது. அதைவிட மோசமாக, என் கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தன. வால் போயிற்று, முதுகு போயிற்று. தட்டிக்கு அந்தப் பக்கம் பச்சை நூல்கள் பளபளவென்று திரிந்தன.

"அண்ணி, உங்க கோழிங்க எல்லாம் எப்போ திருப்பதி போய்ட்டு வந்துச்சு? மொட்டை நல்லா அடிச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் அதைக் கண்டுகொண்டாள். அன்று சாயங்காலம் கேட்காமலே மஞ்சளை அரைத்துக் கொண்டுவந்து என்னோடு உட்கார்ந்து கோழிகளின் புண்ணில் தடவினாள்.

அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் இடத்தில், தோலின் உட்புறமிருந்து சீவி எடுத்துக் காயவைத்த சவ்வு. "இது சுத்தமான சத்து. சும்மா தர்றாங்க. உன் கோழிக்குப் போடு, அப்புறம் பாரு" என்றார். பாவம், போன வாரம் என் முகம் வாடியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்த அதைச் சுமந்து வந்திருந்தார்.

எனக்கு ஆசைதான். ஜெயிக்க வேண்டும் என்ற வெறி அப்படி. மாமனார் ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சுண்ணாம்புல ஊறினதும்மா இது. அதுக்கு மேல இன்னா மருந்து போட்டாங்களோ. கோழி தின்றது முட்டைக்கு வரும்னு நீதானே சொன்னே?"

நான்தான் சொல்லியிருந்தேன். மூட்டை திங்கட்கிழமை என் வீட்டுக்காரரோடேயே திரும்பிப் போனது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். எருமைக்குக் கல்தொட்டியில் எள்ளுப் பிண்ணாக்கை ஊறவைத்துவிட்டு உள்ளே போனேன். பட்டிக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலிலிருந்து நாத்தனாரின் குரல். "அண்ணி, ஓடியாங்க, ஓடியாங்க."

ஓடினேன். என் பத்துப் பெட்டைகளும் தொட்டியின் மேல். விளிம்பில் இடமில்லாமல் ஒன்று எருமையின் தலையில் ஏறி நின்று, அங்கிருந்தே எட்டி எட்டிக் கொத்திக்கொண்டிருந்தது. எருமை என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணை மட்டும் உருட்டியது. முற்றத்தில் கேழ்வரகும் கிடந்தது, கடலைப் பிண்ணாக்கும் கிடந்தது. ஒன்றுகூட அதன் பக்கம் திரும்பவில்லை.

நான் குச்சியை எடுத்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

"அடிக்காதீங்க அண்ணி. அதுங்களுக்கு இன்னா வேணும்னு அதுங்களே சொல்லுது, பாருங்க."

பந்தயத்தில் எதிர்க்கட்சி அவள். பேசாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் மேல் எனக்கிருந்த பிரியம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

கடலைப் பிண்ணாக்கில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் எள்ளுப் பிண்ணாக்கைப் போட்டேன். இந்த முறை அதை மட்டும்தான் மாற்றினேன். கொத்துவது மெல்ல மெல்ல நின்றது. இன்னும் சில நாளில், மொட்டை முதுகில் நீல ஊசிகள் மாதிரி இறகுக் குருத்து எட்டிப் பார்த்தது. நானும் அவளும் ஒரு கோழியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குருத்துகளைத் தடவித் தடவிப் பார்த்தோம்.

இரண்டு மாதம் முடிந்து நோட்டோடு போனபோது டாக்டர் விளக்கினார். "இறகு முளைக்க வேண்டிய ஒரு சத்து கடலையில கம்மி, எள்ளுல ஜாஸ்தி. மீன்லயும் இருக்குது. நீ மீனை எடுத்தே, அந்த இடத்துல வேற ஒண்ணும் வெக்கல. சரி, யாரு ஜெயிச்சது?"

நாத்தனார்தான் பதில் சொன்னாள். "முட்டையில நானு சார். எனக்கு ஏழு வந்தா அவங்களுக்கு ஆறு. வாசத்துல அவங்க. டீக்கடைக்காரரு கண்ணை மூடிக்கிட்டே எது எதுன்னு சொல்லிட்டாரு."

வீட்டுக்கு வந்ததும் அவளே தட்டியைப் பிரித்துப் போட்டாள். கருவாடு நின்றது. கடைத் தூளில் ஒரு பங்கு, எங்கள் கலவையில் மூன்று பங்கு என்று இரண்டையும் சேர்த்தோம். முட்டையும் குறையவில்லை, வாசமும் வரவில்லை. டீக்கடைக்காரர் பழையபடி எங்கள் கூடைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்.

சேவல்களின் முறை தை மாதம் வந்தது. நாத்தனாருக்குப் பள்ளிகொண்டாவில் மாப்பிள்ளை அமைந்து கல்யாணம் முடிந்தது. மறுவீட்டு விருந்துக்கு ஆம்பூரிலிருந்து ஒரு பிரியாணி பாயை என் வீட்டுக்காரர் கூட்டி வந்தார். மணப்பெண் அவரிடம் போய், சிவப்பு நூல் சேவல் ஒரு டேக்‌ஷாவிலும் பச்சை நூல் சேவல் இன்னொரு டேக்‌ஷாவிலும் வேக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். நலங்கு மஞ்சள் போகாத கையால் அவள் நூலைப் பிரித்துக் காட்டியதைப் பார்த்து அவர் அசந்துபோனார்.

வேகாத கறியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, சிவப்பு நூல் பக்கத்தைக் காட்டிச் சொன்னார். "இந்தப் பக்கம் கொஞ்சம் கெட்டியா கீதும்மா. கொழுப்பு கம்மி. பத்து நிமிஷம் ஜாஸ்தி வேகட்டும், ருசி தூக்கும்."

பந்தியில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாப்பிள்ளை இரண்டிலிருந்தும் சாப்பிட்டார். எது நல்லா இருக்கு என்று அவள் கேட்டதற்கு, இன்னும் ஒருமுறை வைத்தால்தான் சொல்ல முடியும் என்றார். மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். நான் அந்த வீட்டுக்கு வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்ததைப் பார்த்ததில்லை.

ஆடிக்கு வந்தவள் திரும்பிப் போகும்போது ஆறு பெட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கொண்டுவிட நானும் போனேன். ஆளுக்கொரு கூடையை மடியில் வைத்துப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் அவள் மடிக்கூடைக்குள் ஒரே கொக்கரிப்பு. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் கூடைக்குள் கையை விட்டு, வெதுவெதுப்பாக ஒரு முட்டையை எடுத்தாள்.

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "ஏறும்போது ரெண்டு பேருன்னுதானே சொன்னீங்க?"

நாத்தனார் முட்டையை அவர் கையில் வைத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பள்ளிகொண்டா வரும்வரை யார் மேலும் இடிக்காமல், பக்கவாட்டில் நடந்தே டிக்கெட் கொடுத்தார்.